விசைப்படகுக்குப் புது ஷாஃப்ட் புஷ் மாட்டுவது எப்படி: காசிமேட்டிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

புரொபெல்லர் ஷாஃப்டைப் பின்பக்கம் தாங்கி நிற்கிற ரப்பர் புஷ்ஷை மாற்றுவது, சரியான கருவிகள் இருந்தால் இரண்டு பேர் செய்துவிடக்கூடிய வேலைதான். ஆனால் சென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒவ்வொரு வருஷமும் அதே படகுக்கு அதே புஷ்ஷை மாற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். புஷ் தானாகத் தேய்வது குறைவு. பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று அதைத் தேய்க்கிறது. இன்ஜின் நேர்கோட்டில் இல்லாதது, ஷாஃப்ட் வளைந்தது, தண்ணீர் வராதது, வலை நூல் சுற்றியது என்று காரணம் எங்கோ உட்கார்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் புதுசு போட்டால் புதுசும் போகும். அதனால் இந்த வழிகாட்டியில் மாட்டுவதற்குக் கொடுக்கும் இடத்தைப் பழையதைப் படித்துப் பார்ப்பதற்கும் கொடுத்திருக்கிறேன்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. 2017க்கு முன்பு இது 45 நாளாக இருந்தது. படகைக் கரையேற்றிச் செய்கிற வேலை எல்லாவற்றையும் இந்த இடைவெளியில்தான் வைத்துக்கொள்கிறோம். சென்னையில் கடலின் ஏற்ற வற்ற உயர வித்தியாசம் பெரிய ஓத நாளிலேயே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். வற்றத்தில் படகைத் தரைதட்ட வைத்துக் கீழே வேலை பார்க்கும் வசதி இங்கே கிடையாது. ஸ்லிப்வேயோ (படகை இழுத்துக் கரையேற்றும் சரிவுத் தளம்) கிரேனோ வேண்டும். மே மாசக் கடைசியில் இரண்டுக்குமே கூட்டம், லேத் பட்டறையிலும் கூட்டம். ஏப்ரல் கடைசியிலேயே ஷாஃப்டை உருவி வெளியே எடுத்துவிட்டால், ஷாஃப்டில் எதிர்பாராத கோளாறு தெரிந்தாலும் சரிசெய்ய நேரம் இருக்கும்.

மாற்ற வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

கடலில் தெரியும் அறிகுறிகள்: குறிப்பிட்ட வேகத்தில் பின்பக்கத் தளம் நடுங்குவது, ஸ்டெர்ன் டியூப் (ஷாஃப்ட் படகை விட்டு வெளியே வரும் குழாய்) பக்கம் 'டக் டக்' என்று தட்டும் சத்தம், கிளாண்டை (அந்தக் குழாயின் உள்முனையில் தண்ணீரைத் தடுக்கும் அடைப்பு) எவ்வளவு இறுக்கினாலும் தண்ணீர் நிற்காமல் வருவது. இந்தக் கடைசி அறிகுறியைப் பலர் கிளாண்டின் குறையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஷாஃப்ட் ஆடினால் கிளாண்டுக்குள் திணித்த கயிறு போன்ற பேக்கிங் ஒரு பக்கமாக நசுங்கும். புதுப் பேக்கிங் போட்டாலும் அப்படித்தான்.

கரையில் உறுதிசெய்வது எளிது. புரொபெல்லருக்கு முன்னால் ஷாஃப்டின் அடியில் ஒரு மரக்கட்டையை நெம்புகோலாகக் கொடுத்து மேலே தூக்குங்கள். பிராக்கெட் (படகின் அடியில் புஷ்ஷைத் தாங்கும் கை) மேல் டயல் கேஜ் (முள் நகர்ந்து அளவு காட்டும் கருவி) வைத்தால் எவ்வளவு தூக்குகிறது என்று அளவாகவே தெரியும். இல்லாவிட்டால் ஷாஃப்டுக்கும் ரப்பருக்கும் நடுவே ஃபீலர் கேஜை (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) விட்டுப் பாருங்கள். 50 மி.மீ. ஷாஃப்டுக்குப் புது ரப்பர் புஷ்ஷில் பொதுவாக 0.1 முதல் 0.25 மி.மீ. வரை இடைவெளி இருக்கும். 1.5 மி.மீ. ஆகிவிட்டால் புதுசு வாங்கி வைத்துக்கொள்வேன். 2 மி.மீ.க்கு மேல் போனால் அந்தப் புஷ்ஷோடு இன்னொரு சீசன் ஓட்ட மாட்டேன். இடைவெளி சரியாக இருந்தும், ரப்பர் உலோக ஓட்டிலிருந்து உரிந்து நின்றால் அதுவும் மாற்ற வேண்டியதுதான்.

எந்தப் புஷ்

நம் பக்கப் படகுகளில் மூன்று வகையைப் பார்க்கலாம். கிரீஸ் போட்டு ஓடுகிற கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) புஷ், லேத்தில் கடைந்த நைலான் அல்லது ஃபைபர் புஷ், பித்தளை ஓட்டுக்குள் நீளவாட்டில் காடிகள் (நீளப் பள்ளங்கள்) ஓடும் ரப்பர் புஷ். 1850களில் இங்கிலாந்தில் ஜான் பென் என்ற பொறியாளர் லிக்னம் வைட்டே என்கிற கெட்டியான மரப் பட்டைகளை வைத்து, கடல் தண்ணீரையே மசகாக்கும் முறையைக் கொண்டுவந்தார். பிறகு 1920களில் கலிபோர்னியாவில் சார்லஸ் ஷெர்வுட் என்ற சுரங்கப் பொறியாளர், சுரங்கப் பம்பில் பேரிங் போனபோது ரப்பர் ஹோஸ் துண்டை வைத்து ஓட்டியதிலிருந்து இன்றைய ரப்பர் புஷ் பிறந்தது. மணல் கலந்த தண்ணீரில் உலோக பேரிங்கை விட ரப்பர் அதிகம் தாங்கியது அவருக்குப் புரிந்தது. காரணம் இதுதான்: மணல் துகள் ரப்பருக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் மாட்டினால் ரப்பர் உள்வாங்கிக் கொடுக்கும், துகள் உருண்டு அடுத்த காடியில் விழும், அங்கே ஓடும் தண்ணீர் அதை வெளியே தள்ளிவிடும். கன்மெட்டலில் அந்தத் துகள் அங்கேயே பதிந்து ஷாஃப்டை அறுக்கும். ஆழம் குறைந்த கடலில் சேற்றையும் மணலையும் கிளப்பிக்கொண்டு இழுவலை போடுகிற படகுக்கு ரப்பர் புஷ்தான் பொருத்தம் என்பது என் கருத்து.

நைலான் புஷ் மலிவு, ஒரு மணி நேரத்தில் கடைந்து கொடுத்துவிடுவார்கள். ஆனால் சாதாரண நைலான் தண்ணீரை உறிஞ்சி ஊதும். காய்ந்த நிலையில் கச்சிதமாகக் கடைந்த புஷ் கடலில் சில நாள் ஊறியதும் ஷாஃப்டைப் பிடித்துக்கொள்ளும். அவசரத்துக்கு அதைத்தான் போட வேண்டும் என்றால், ஊதுவதற்கும் சேர்த்து இடைவெளி விடத் தெரிந்த பட்டறைக்காரரிடம் மட்டும் கொடுங்கள்.

ஸ்டீல் படகு வைத்திருப்பவர்கள் ஓட்டின் உலோகத்தையும் பார்க்க வேண்டும். பித்தளையும் இரும்பும் உப்புத் தண்ணீரில் ஒட்டி நின்றால் இரும்புதான் அரிபடும், அதாவது பிராக்கெட். அதற்கு உலோகமில்லாத ஃபீனாலிக் அல்லது காம்போசிட் ஓடு போட்ட புஷ் கிடைக்கிறது. மரப் படகுக்கும் ஃபைபர் படகுக்கும், பிராக்கெட் வெண்கலம் அல்லது கன்மெட்டலாக இருந்தால், பித்தளை ஓடு போதும்.

அளவு எடுப்பதில் அவசரம் வேண்டாம்

மூன்று அளவு: ஷாஃப்டின் விட்டம், பிராக்கெட் அல்லது ஸ்டெர்ன் டியூப் துளையின் உள்விட்டம், நீளம். பின்பக்கப் புஷ்ஷின் நீளம் ஷாஃப்ட் விட்டத்தைப் போல் நான்கு மடங்கு இருப்பது வழக்கம், 50 மி.மீ. ஷாஃப்டுக்கு 200 மி.மீ.

சென்னையில் எல்லாரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பாரிமுனைப் பக்கம் கடைகளில் மி.மீ. அளவிலும் அங்குல அளவிலும் புஷ் கிடைக்கும். '50 சைஸ்' என்று கேட்டு 2 அங்குலப் புஷ்ஷை வாங்கி வருவார்கள். 2 அங்குலம் என்பது 50.8 மி.மீ. 50 மி.மீ. ஷாஃப்ட் அதில் அழகாக நுழையும், ஆனால் வழக்கமான இடைவெளியோடு இந்த 0.8 மி.மீ.யும் சேர்ந்து, மாட்டிய அன்றைக்கே புஷ் பாதி தேய்ந்த நிலையில் இருக்கும். மாறாக 2 அங்குல ஷாஃப்டை 50 மி.மீ. புஷ்ஷில் ஏற்றவே முடியாது. பழைய புஷ்ஷின் உள்விட்டத்தை அளந்து வாங்குவது இன்னும் தவறு, அது தேய்ந்துபோனதுதானே. மைக்ரோமீட்டரால் ஷாஃப்டைத் தேயாத இடத்தில், கப்ளிங் (ஷாஃப்ட் கியர்பாக்ஸோடு சேரும் இணைப்பு) பக்கம் அளந்து, தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கடையிலேயே வெர்னியரை வைத்துப் புஷ்ஷை அளந்து பாருங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பிராக்கெட் துளையைப் பழைய புஷ் வெளியே வந்த பிறகுதான் ஒழுங்காக அளக்க முடியும். முன், நடு, பின் என்று மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் மேல்கீழாகவும் பக்கவாட்டிலும். துளை வட்டமாக இல்லாமல் கோழிமுட்டை போல் இருந்தால் லேத் வேலை வரும் என்று புரிந்துகொள்ளுங்கள்.

கழற்றுவது

படகு கட்டைகள் மேல் ஆடாமல் நிற்கிறதா என்று முதலில் சுற்றிவந்து பாருங்கள். பின்பக்கம் வேலை செய்யும்போது நெம்புவதும் தட்டுவதுமாக இருக்கும். பக்க முட்டுக்கட்டைகள் ஆப்பு வைத்து இறுக்கப்பட்டிருக்க வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இன்ஜின் சாவியை வேலை செய்கிறவர் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே யாரோ ஸ்டார்ட் செய்து பார்க்க, கீழே கை ஷாஃப்டில் இருக்கக் கூடாது. ஈரத் தரையில் கிரைண்டர் ஓட்டுகிறவர்கள் ஒயரையும் பிளக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கப்ளிங்கின் இரண்டு பாதிகளிலும் சென்டர் பஞ்சால் நேருக்கு நேர் புள்ளி வைத்துக்கொண்டு போல்ட்டுகளைக் கழற்றுங்கள். திரும்பவும் அதே நிலையில்தான் சேர வேண்டும். அடுத்து புரொபெல்லர்: நட்டு கழலாமல் குறுக்கே செருகியிருக்கும் ஸ்ப்லிட் பின்னை எடுத்து, நட்டுகளைத் தளர்த்துங்கள், ஆனால் முழுவதும் கழற்றாதீர்கள். சில மரை மிச்சம் இருக்கட்டும். டேப்பரில் (ஷாஃப்டின் கூம்பிய முனை) இறுகிய புரொபெல்லர், புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) இழுக்கும்போது ஒரே வெடிப்பாக விடும். நட்டு இல்லாவிட்டால் அவ்வளவு எடையும் எதிரே நிற்பவர் மேல் பாயும். சுத்தியலால் இலையை அடித்துக் கழற்றுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். இலையின் வளைவு கொஞ்சம் மாறினாலும் நடுக்கம் வரும், அந்த நடுக்கம் புதுப் புஷ்ஷைத் தின்னும்.

ஷாஃப்டைப் பின்னால் உருவும்போது சுக்கான் குறுக்கே நிற்கும். சில படகுகளில் சுக்கானை முழுதாக ஒரு பக்கம் திருப்பினால் ஷாஃப்ட் ஓரமாக வெளியேறும். பலவற்றில் சுக்கானை இறக்கித்தான் ஆக வேண்டும். கிளாண்டைத் தளர்த்தி, ஷாஃப்டை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து மெதுவாக இழுங்கள்.

பழைய புஷ்ஷை எடுக்க முதலில் பிராக்கெட்டின் பக்கத்தில் உள்ள கிரப் ஸ்க்ரூக்களை (புஷ்ஷை நகராமல் பிடிக்கும் தலையில்லாத ஸ்க்ரூக்கள்) தேடிக் கழற்றுங்கள். பெயிண்டும் சிப்பியும் மூடி அவை கண்ணுக்கே தெரியாது. இருப்பது தெரியாமல் இழுத்து ஓட்டைக் கிழிப்பவர்கள் நிறைய. அப்புறம் புல்லர். கடையில் வாங்க வேண்டியதில்லை: நீளமாக மரையிட்ட ஒரு கம்பி, இரண்டு நட்டு, புஷ்ஷின் உலோக ஓட்டை மட்டும் தள்ளும் அளவுக்குக் கடைந்த ஒரு வட்டத் தகடு, மறுபக்கம் புஷ் உள்ளே வந்து நிற்கிற அளவுக்கு அகலமான ஒரு பைப் துண்டு. நட்டைத் திருகத் திருகப் புஷ் பைப்புக்குள் வரும்.

வராவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஹாக்ஸா பிளேடைப் புஷ்ஷின் உள்ளே விட்டு, ஃபிரேமில் மாட்டி, நீளவாட்டில் உலோக ஓட்டை அறுங்கள். எதிர்ப்பக்கமும் ஒரு கோடு அறுத்தால் ஓடு தளர்ந்து உள்நோக்கி மடியும். இங்கே பொறுமைதான் முக்கியம். ரப்பர் முடிந்து பித்தளைத் தூள் வரத் தொடங்கிய பிறகு, ஓரிரு இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தி டார்ச் அடித்துப் பாருங்கள். ஓட்டின் பித்தளை நிறத்துக்கு அப்பால் பிராக்கெட்டின் வேறு நிறம் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்; பிராக்கெட்டில் விழுந்த வெட்டு பின்னாளில் விரிசலாக வளரும். கேஸ் டார்ச் வைத்துச் சூடாக்குவது மர, ஃபைபர் படகுகளில் வேண்டவே வேண்டாம்.

பழைய புஷ்ஷைப் படியுங்கள்

வெளியே வந்த புஷ்ஷைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன் கழுவி வெளிச்சத்தில் வையுங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தது, எது முன்பக்கம் என்று எடுக்கும்போதே சாக்பீஸால் குறித்திருக்க வேண்டும். வெட்டி எடுத்தாலும் துண்டுகளைச் சேர்த்துவைத்துப் பார்க்கலாம்.

அடிப்பக்கம் மட்டும், முன்னிருந்து பின் வரை ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது ஷாஃப்டின் எடையால் வந்த இயல்பான தேய்மானம். நல்ல செய்தி, வேறெதையும் தேட வேண்டியதில்லை.

முன்முனையில் மேல்பக்கமும் பின்முனையில் கீழ்ப்பக்கமும் தேய்ந்திருந்தால், அல்லது இதற்கு நேர்மாறாக, ஷாஃப்ட் புஷ்ஷுக்குள் சாய்ந்து ஓடியிருக்கிறது. இன்ஜின் மவுண்ட் அமுங்கியிருக்கலாம், பிராக்கெட் ஏதாவது தட்டி வளைந்திருக்கலாம், முன்பக்கப் புஷ் மட்டும் தேய்ந்து ஷாஃப்ட் அந்தப் பக்கம் இறங்கியிருக்கலாம். இடமும் வலமுமாக இதே கதை என்றால் இன்ஜின் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. இந்தப் புஷ்ஷைப் பார்த்த பிறகும் அலைன்மென்ட் (இன்ஜினையும் ஷாஃப்டையும் ஒரே நேர்கோட்டில் வைப்பது) எடுக்காமல் படகை இறக்குவது காசைக் கடலில் போடுவதுதான்.

சுற்றிலும் ஒரே மாதிரி தேய்ந்து, ஷாஃப்டில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தடம் இருந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது அல்லது புரொபெல்லர் எடை சமமாக இல்லை. ஏன் என்று யோசித்துப் பாருங்கள்: வளைந்த ஷாஃப்டின் புடைத்த பக்கம் சுற்றிச் சுற்றி வந்து ரப்பரின் எல்லாப் பக்கத்தையும் தேய்க்கும், தேய்ப்பதோ ஷாஃப்டின் அந்த ஒரே பக்கம்தான்.

ரப்பர் கெட்டியாகி, கண்ணாடி போல் மினுங்கி, ஓரத்தில் கருகி உரிந்திருந்தால் தண்ணீர் போகாமல் ஓடியிருக்கிறது. நெடுக்கு வாக்கில் காடிகளில் சேறும் குட்டிச் சிப்பிகளும் அடைத்திருக்கின்றனவா பாருங்கள். துறைமுகத் தண்ணீரில் அசையாமல் கட்டியிருக்கும் படகில் இது சீக்கிரம் நடக்கும். சிப்பியின் கூர் ஓடு ஷாஃப்ட் சுற்றத் தொடங்கிய நிமிஷமே ரப்பரைச் செதுக்கிவிடும். பின்முனையில் மட்டும் ரப்பர் பிய்ந்து, நைலான் இழைகள் உருகிக் கெட்டியாக ஒட்டியிருந்தால் வலை நூல் உள்ளே இழுக்கப்பட்டிருக்கிறது. மெல்லிய கோடு கோடாகச் சுற்றுவாட்டில் கீறல் இருந்தால் மணல்.

ஷாஃப்டையும் விடாதீர்கள்

புஷ் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். தடுக்கிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் புதுப் புஷ் அதில் சரியாகத் தாங்காது. சின்னத் தேய்மானத்தை எமரி பேப்பரால் வழவழப்பாக்கலாம். பள்ளம் ஆழமாக இருந்தால், ஷாஃப்டை முன்னோ பின்னோ கொஞ்சம் நகர்த்தி நல்ல பகுதியைப் புஷ்ஷுக்குள் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஸ்லீவ் போடுவது அல்லது புது ஷாஃப்ட். வெல்டிங் வைத்து நிரப்பிக் கடைவதில் சூட்டால் ஷாஃப்ட் வளையும் ஆபத்து உண்டு, அதற்குப் பிறகு நேராக்கிக் கொடுப்பவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும்.

நேராக இருக்கிறதா என்று பார்க்க லேத் பட்டறையில் இரண்டு வி-பிளாக் மேல் வைத்து, டயல் கேஜை நிறுத்திக் கையால் உருட்டச் சொல்லுங்கள். புஷ் உட்காரும் இடத்தில் முள் 0.1 மி.மீ.க்கு மேல் ஆடினால் நேராக்கச் சொல்வேன். பட்டறைக்குக் கொண்டுபோகும்போது ஆட்டோவின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டு தொங்கவிடாதீர்கள். முழு நீளத்துக்கும் பலகை வைத்துக் கட்டுங்கள்.

புதுப் புஷ்ஷை ஏற்றுவது

துளையைத் துப்புரவாக்குங்கள். பச்சைக் களிம்பு, பழைய பெயிண்ட், உப்பு எல்லாம் போக எமரியால் தேய்த்து, துணியால் துடைத்து, விரலை விட்டுச் சுற்றிலும் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத பிசிறு விரலுக்குத் தெரியும். புஷ் லேசான அழுத்தத்தில் நுழைய வேண்டும். கையாலேயே வழுக்கிக்கொண்டு போய்விட்டால் தளர்வு. சம்மட்டி அடி கேட்டால் இறுக்கம். இறுக்கமாக ஏற்றினால் ஓடு நசுங்கி உள்விட்டமும் குறையும், ஷாஃப்ட் சுற்றாது. தளர்வாக இருந்தால் தகரம் சுற்றி ஏற்றுகிற பழக்கம் இங்கே இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், அந்தத் தகரம் அரித்துப் போனதும் புஷ் பிராக்கெட்டுக்குள்ளேயே சுற்றத் தொடங்கும். வெளிவிட்டம் கூடுதலான புஷ் வாங்கி, லேத்தில் மேண்ட்ரல் (புஷ்ஷின் உள்ளே நுழைத்துப் பிடிக்கும் தண்டு) மேல் ஏற்றி, துளையின் அளவுக்குக் கடைந்துகொள்வதே முறை. சக்கில் நேராகப் பிடித்தால் ஓடு நசுங்கும்.

இப்போது காசிமேட்டுக்கே உரிய ஒரு வசதி: ஐஸ். துறைமுகத்தைச் சுற்றி ஐஸ் கம்பெனிகள் இருக்க, அழுத்திப் போராட வேண்டியதில்லை. புஷ்ஷைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, உடைத்த ஐஸில் கல்லுப்பு கலந்து, ஒரு மணி நேரம் முழுக்கப் புதைத்து வையுங்கள். 70 மி.மீ. வெளிவிட்டமுள்ள பித்தளை ஓடு மே மாச 35 டிகிரி வெப்பத்திலிருந்து 0 டிகிரிக்கு வந்தாலே ஏறக்குறைய 0.045 மி.மீ. சுருங்கும். உப்பு சேர்ந்தால் இன்னும் குளிரும், இன்னும் சுருங்கும். லேசான இறுக்கத்துக்கு இதுவே போதும். வெயில் துளையைச் சூடாக்கியிருக்கும் மத்தியான நேரம் இதற்கு நல்லது.

எல்லாவற்றையும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஐஸிலிருந்து எடுத்த புஷ் சில நிமிஷத்தில் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். துளையில் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலைத் தடவுங்கள். புஷ்ஷைத் துடைத்து, நேராகப் பிடித்து, முதல் ஒரு அங்குலத்தைக் கையால் நுழைத்துவிடுங்கள். சாய்ந்திருந்தால் அங்கேயே வெளியே எடுத்துத் திரும்ப வையுங்கள். சாய்வாக ஆரம்பித்ததை அடித்து நேராக்க முடியாது. அப்புறம் அதே மரைக் கம்பியும் தகடும், இந்த முறை தலைகீழாக, உள்ளே இழுக்க. நட்டைத் திருகும் கைக்கே தெரியும்: ஒரே சீரான எதிர்ப்பு இருந்தால் சரி, திடீரென்று கெட்டியானால் நிறுத்திப் பாருங்கள். கிரீஸோ எண்ணெயோ வேண்டாம். ரப்பரில் பட்ட கிரீஸ் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கிரப் ஸ்க்ரூவுக்கு, பிராக்கெட்டின் துளை வழியாகவே டிரில்லை விட்டு, ஓட்டில் ஒரு சின்னக் குழி மட்டும் போடுங்கள். ஓட்டைத் தாண்டி ரப்பருக்குள் போகக் கூடாது; டிரில் பிட்டில் டேப் ஒட்டி ஆழத்தைக் குறித்துக்கொள்ளலாம். ஸ்க்ரூ குழியில் உட்கார்ந்தால் போதும். முழு பலத்தோடு இறுக்கினால் அந்த இடத்தில் ஓடு உள்ளே புடைத்து ஷாஃப்டை அழுத்தும்.

ஸ்டெர்ன் டியூபுக்குள் முன்பக்கமும் ஒரு புஷ் இருந்தால் அதையும் இப்போதே அளந்து பாருங்கள். பின்னால் புதுசும் முன்னால் தேய்ந்ததும் இருந்தால் ஷாஃப்ட் முதல் நாளிலிருந்தே சாய்ந்துதான் ஓடும்.

ஷாஃப்ட், புரொபெல்லர், கிளாண்ட்

சோப்புத் தண்ணீர் தடவி ஷாஃப்டை நுழைத்துவிடுங்கள். கீவே காடியின் (புரொபெல்லரை ஷாஃப்டோடு பூட்டும் கீ உட்காரும் பள்ளம்) கூர் ஓரம் ரப்பரைச் சீவாமல் இருக்க, அதன் மேல் ஒரு சுற்று டேப் ஒட்டி, வெளியே வந்ததும் உரித்துவிடுங்கள். உள்ளே போன ஷாஃப்டைக் கையால் சுற்றினால் சுற்ற வேண்டும். பிடித்தால், புரொபெல்லர் மாட்டும் முன்பே காரணத்தைத் தேடுங்கள்.

புரொபெல்லரை முதலில் கீ இல்லாமல் டேப்பரில் ஏற்றி, எதுவரை வருகிறது என்று ஷாஃப்டில் கோடு போடுங்கள். அப்புறம் கீ வைத்து ஏற்றுங்கள். அதே கோட்டுக்கு வரவில்லை என்றால் கீயின் தலை இடிக்கிறது, புரொபெல்லர் டேப்பரில் உட்காராமல் கீயின் மேல் தொங்குகிறது. கீயின் உயரத்தைக் கொஞ்சம் அரத்தால் குறைக்க வேண்டும். இரண்டு நட்டில் மெல்லியது முதலில், தடிமனானது வெளியே. மாற்றிப் போடுபவர்கள்தான் அதிகம். இரண்டாவது நட்டை இறுக்கும்போது சுமை வெளி நட்டுக்குப் போய்விடும், அதனால் அதிக மரை உள்ள நட்டுதான் அங்கே இருக்க வேண்டும். புது ஸ்ப்லிட் பின் போடுங்கள், பழையதை நிமிர்த்திப் போடாதீர்கள்.

புஷ்ஷின் பின்முனைக்கும் புரொபெல்லருக்கும் நடுவே தண்ணீர் வெளியேற இடம் வேண்டும். ஆனால் அந்தத் தூரம் ஷாஃப்ட் விட்டத்தை விட அதிகமாகிவிடக் கூடாது. புஷ்ஷின் வாய், ஸ்டெர்ன் டியூபின் தண்ணீர்த் துளைகள் இவற்றில் பெயிண்ட் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ள வைத்திருக்கும் துத்தநாகக் கட்டியின் மேலும் பெயிண்ட் அடிக்கக் கூடாது, அடித்தால் அது வேலை செய்யாது.

கிளாண்டில் பழைய பேக்கிங்கை எல்லாம் கொக்கியால் எடுத்துவிட்டு, ஷாஃப்டின் மேல் சுற்றி அளந்து, முனைகளைச் சாய்வாக வெட்டிய வளையங்களாகப் போடுங்கள். ஒவ்வொரு வளையத்தின் இணைப்பும் வெவ்வேறு பக்கம் வரட்டும். மூன்று வளையம் என்றால் 120 டிகிரி இடைவெளி. இப்போதைக்குக் கையால் இறுக்கினால் போதும்.

தண்ணீரில் இறக்கிய பிறகுதான் அலைன்மென்ட்

கரையில் கட்டைகள் மேல் நிற்கும் படகின் வடிவமும் தண்ணீரில் மிதக்கும் படகின் வடிவமும் ஒன்றல்ல. மரப் படகில் இது இன்னும் அதிகம். இரண்டு மாசம் வெயிலில் காய்ந்து சுருங்கிய பலகைகள், கலப்பற்று (பலகை இடுக்குகளை அடைப்பது) அடித்திருந்தாலும், தண்ணீரில் ஊறி உப்பிச் சேர்வதற்குச் சில நாள் எடுக்கும். அதனால் கரையில் கப்ளிங்கை ஏறக்குறைய நேராக வைத்துக்கொண்டு, இறுதி அளவைத் தண்ணீரில் இறக்கிய பிறகு எடுங்கள். ஃபைபர், ஸ்டீல் படகுக்கு ஒரு நாள் போதும். மரப் படகுக்கு மூன்று நாளாவது விடுங்கள். டீசல், ஐஸ், வலை எல்லாம் வழக்கமான இடத்தில் இருக்கும்போது எடுத்தால் இன்னும் சரியாக இருக்கும். ஜூன் 14 ராத்திரி இறக்கி, விடிவதற்குள் கடலுக்குப் போகிற திட்டம் இருந்தால் இந்த வேலைக்கு நேரமே இருக்காது. அதனால்தான் சீக்கிரம் தொடங்கச் சொன்னேன்.

முறை இதுதான். கப்ளிங் போல்ட் இல்லாமல் ஷாஃப்ட் பக்க ஃபிளான்ஞ்சை (கப்ளிங் பாதியின் வட்டத் தகடு) கியர்பாக்ஸ் ஃபிளான்ஞ்சோடு நெருக்குங்கள். ஷாஃப்டின் முன்முனை தன் எடையால் தொங்கும், அதைத் தாங்கிப் பிடிக்காமல் அளந்தால் பொய்க் கணக்குதான் வரும். வெளியே நீட்டியிருக்கும் ஷாஃப்ட் பகுதியின் எடையில் பாதியும் கப்ளிங்கின் முழு எடையும் சேர்ந்த அளவுக்கு ஒரு ஸ்பிரிங் தராசால் மேலே தூக்கிப் பிடியுங்கள். பிறகு மேல், கீழ், இடம், வலம் நான்கு இடத்திலும் ஃபீலர் கேஜ் விடுங்கள். அதிக இடைவெளிக்கும் குறைந்த இடைவெளிக்கும் உள்ள வித்தியாசம் ஃபிளான்ஞ்ச் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 150 மி.மீ. ஃபிளான்ஞ்ச் என்றால் 0.15 மி.மீ.

அடுத்து ஷாஃப்டை மட்டும் கால் சுற்றுத் திருப்பித் திரும்ப அளந்து பாருங்கள். அதிக இடைவெளி அதே இடத்தில் நின்றால் இன்ஜின் நேர்கோட்டில் இல்லை, மவுண்ட் நட்டுகளையோ ஷிம்மையோ (அடியில் வைக்கும் மெல்லிய தகடு) மாற்ற வேண்டும். இடைவெளி ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றினால் கப்ளிங் சரியாக உட்காரவில்லை அல்லது ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. இன்ஜினை எவ்வளவு நகர்த்தினாலும் பயனில்லை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நாள் முழுக்க மவுண்ட்டோடு மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. மேல்கீழை முதலில் சரிசெய்து, பிறகு பக்கவாட்டுக்குப் போங்கள், கடைசியில் நான்கையும் மறுபடி பாருங்கள். மவுண்ட் போல்ட்டை இறுக்கிய பிறகும் ஒருமுறை.

முதல் ஓட்டம்

கரையில் நிற்கும்போது 'சும்மா ஒரு நிமிஷம்' என்று ஷாஃப்டைச் சுற்றவிடாதீர்கள். தண்ணீர் இல்லாத ரப்பர் புஷ் சில நொடியிலேயே சூடேறும். படகு மிதக்கும்போது, கட்டிய நிலையிலேயே குறைந்த வேகத்தில் முன்னும் பின்னும் கியர் போட்டுப் பாருங்கள். கிளாண்டைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கலாம், கை வைக்க முடியாத அளவுக்குச் சுடக் கூடாது. ஓடும்போது நிமிஷத்துக்குச் சில துளி தண்ணீர் சொட்டட்டும், அந்தத் தண்ணீர்தான் பேக்கிங்கைக் காப்பாற்றுகிறது. முழுக்க வறண்டுபோகும்படி இறுக்கினால் பேக்கிங் ஷாஃப்டைத் தின்னும். புதுப் பேக்கிங் அமர ஓரிரு நாள் ஆகும். ஒவ்வொரு முறையும் நட்டைக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், இரு பக்கமும் சமமாக.

வெளியே போய் மெதுவாக வேகத்தைக் கூட்டும்போது பழைய நடுக்கம் அதே வேகத்தில் வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் புரொபெல்லரின் இலைகளையும் கப்ளிங்கையும் திரும்பப் பாருங்கள். பத்துப் பதினைந்து மணி நேரம் ஓடிய பிறகு கப்ளிங் போல்ட்டுகளையும் மவுண்ட் நட்டுகளையும் ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிடுங்கள், புதிதாக இறுக்கியவை கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

படகு துறைமுகத்தில் சும்மா கிடக்கும் வாரங்களில் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஷாஃப்டைச் சில சுற்று கையால் திருப்பிவிடுங்கள். சிப்பிக் குஞ்சு ஒட்டி வளர நேரம் கிடைக்காது. ஷாஃப்ட் விட்டம், புஷ்ஷின் மூன்று அளவு, மாட்டிய தேதி, புதுசாக இருந்தபோது ஃபீலர் கேஜ் காட்டிய இடைவெளி ஆகியவற்றை இன்ஜின் அறையில் உள்பலகையில் பெயிண்டால் எழுதிவையுங்கள். அடுத்த தடைக்காலத்தில் கேஜை விட்டுப் பார்க்கும்போது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அந்த எண்ணோடு வைத்துக் கணக்குப் பார்க்கலாம்.